தேர்தல் நிதி கொடுத்தவரின் வழக்கில் நீதிபதி விலக வேண்டாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க மாநிலங்களில் நீதிபதிகளை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதைப் பாராட்டி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். விஸ்கான்சினில் குடியிருப்பவன் என்பதால் இதைச் சொல்லியே ஆகவேண்டும், அந்தக் கட்டுரையில் பணத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

2025 ஏப்ரலில் இங்கே மாநில உச்ச நீதிமன்றத்தில் ஒரே ஒரு நீதிபதி பதவிக்குத் தேர்தல் நடந்தது. இரண்டு தரப்பும் சேர்த்து 10 கோடி டாலருக்கு மேல் கொட்டின. டிவியைப் போட்டால், இவர் குற்றவாளிக்குக் குறைந்த தண்டனை கொடுத்தவர், அவர் அதைவிட மோசம் என்று விளம்பரம் மேல் விளம்பரம். எலான் மஸ்க் கிரீன் பே நகருக்கே வந்து மேடையில் இரண்டு பேருக்குத் தலா 10 லட்சம் டாலர் செக் கொடுத்தார். அவருடைய டெஸ்லா நிறுவனம், கார்களை நேரடியாக விற்க முடியாதபடி தடுக்கும் மாநிலச் சட்டத்தை எதிர்த்து அந்த ஜனவரியில்தான் வழக்குப் போட்டிருந்தது. அவர் ஆதரித்த பிராட் ஷிமெல் தோற்றார், சரி. ஆனால் ஜெயித்த சூசன் கிராஃபர்டுக்கும் ஜனநாயகக் கட்சி வழியாகப் பெரும் பணக்காரர்களின் காசு வந்தது.

நான் கேட்பது ஓட்டுரிமையை எடுத்துவிடச் சொல்லி அல்ல. பணம் கொடுத்தவரின் வழக்கு வந்தால் அந்த நீதிபதி ஒதுங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மேற்கு வர்ஜீனியாவில் ஒரு நிலக்கரி நிறுவனத் தலைவர் 30 லட்சம் டாலர் செலவழித்து ஜெயிக்கவைத்த நீதிபதி, அதே நிறுவனத்தின் வழக்கில் உட்கார்ந்து அதற்குச் சாதகமாகவே ஓட்டுப் போட்டார். அது தப்பு என்று 2009-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அதுவும் 5-4 என்ற கணக்கில்தான், சொன்னது. அதற்கப்புறமும் எங்கள் மாநில நீதிமன்றம், நன்கொடை வாங்கியதற்காக மட்டும் விலகவேண்டியதில்லை என்று விதி எழுதியது. 2017-இல் ஓய்வுபெற்ற நீதிபதிகள் 54 பேர் அதை மாற்றச் சொல்லி மனு கொடுத்தார்கள், அதே நீதிமன்றம் 5-2 என்று தள்ளிவிட்டது.

இதன் விளைவு 2023-இல் தெரிந்தது. சட்டமன்றத் தொகுதிகளின் எல்லையை எப்படி வரைவது என்ற வழக்கிலிருந்து விலகாவிட்டால் பதவிநீக்கம் செய்வோம் என்று சட்டமன்றத்தில் பெரும்பான்மை வைத்திருந்த குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சியிடம் தேர்தல் நிதி வாங்கி ஜெயித்துப் புதிதாக வந்த நீதிபதி ஜேனட் புரோட்டாசிவிச்சை மிரட்டியது. தெளிவான விதி இருந்திருந்தால் அந்த மிரட்டலுக்கே இடமிருந்திருக்காது. நீதித்துறைச் சுதந்திரம் பற்றி எழுதுகிறவர்கள் தயவுசெய்து இந்த விலகல் விதியைப் பற்றியும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
விஸ்கான்சின் வாசகர் ஒருவர்