சாய்தள அளவெடுப்பு: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, சேலம் அஸ்தம்பட்டி வட்டாரத்திலுள்ள பொதுக் கட்டடங்களின் நுழைவாயில்களை அளந்து, குறைகளைப் பதிவு செய்து, உரிய அலுவலகங்களில் மனு அளிக்கவிருக்கிறோம். சக்கர நாற்காலி, ஊன்றுகோல், வெண்கோல் பயன்படுத்தும் உறுப்பினர்களே இப்பணியை வழிநடத்துவார்கள். ஏனையோர் அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளவும் படமெடுக்கவும் உடன் வரலாம். இந்த வரிசை மாறக்கூடாது என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம்.

சக்கர நாற்காலி ஏறுவதற்கான சரிவுப் பாதையே சாய்தளம்; அதன் சரிவு 1:12 என்ற விகிதத்தைத் தாண்டக்கூடாது. அதாவது 15 செ.மீ. உயரமுள்ள ஒரு படிக்கு 180 செ.மீ. நீளம் வேண்டும். பல இடங்களில் படியோடு ஒட்டி இரண்டடிக்குச் சிமெண்ட் பூசிவிட்டுச் சாய்தளம் என்கிறார்கள். அதில் ஏறும்போது நாற்காலியின் முன்சக்கரங்கள் தூக்கிக்கொள்ள, பின்னாலிருந்து ஒருவர் பிடித்தே ஆகவேண்டியிருக்கிறது. யார் துணையும் இன்றி ஏற முடிகிறதா என்பதையே முதலில் எழுதுங்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின்கீழ் அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரைகளாக இருந்தால் போதாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்திருப்பதை மனுவில் குறிப்பிடுவோம்.

ஏற்காடு உறுப்பினர்கள் ஏரிப் பகுதிக்கான நாளைத் தாங்களே முடிவு செய்து தெரிவிக்கவும். அளவு நாடா வைத்திருப்போர் வெள்ளிக்கிழமைக்குள் இங்கே பதிலளிக்கவும்.