மாரியம்மன் கோயில் சைனாடவுனில்தான் இருக்கிறது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த சிங்கப்பூர் பயணக் கட்டுரையைப் படித்தேன். காலையில் லிட்டில் இந்தியா, மதியம் கம்போங் கிளாம், சாயங்காலம் சைனாடவுன் என்று ஒரே நாளில் மூன்று உலகம் காட்டியிருந்தார் கட்டுரையாளர். முதலில் ஒரு திருத்தம். அதில் வந்த கோபுரப் படத்தின் கீழே 'லிட்டில் இந்தியாவில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயில்' என்று போட்டிருக்கிறீர்கள். அந்தக் கோயில் சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கிறது. சைனாடவுனின் நட்டநடு.

ஒரு படக்குறிப்புக்காகக் கடிதமா என்று நினைக்காதீர்கள். அவசரத்தில் யாருக்கும் கை தவறும். ஆனால் இந்தத் தவறு எப்படி வந்தது என்று யோசித்தேன். கோபுரம் இருந்தால் அது இந்தியர் பேட்டை, சிவப்பு விளக்கு தொங்கினால் சீனர் பேட்டை என்று மனசுக்குள் கட்டம் கட்டிவிட்டால், கோயில் தானாகவே இடம் மாறி உட்கார்ந்துவிடும். இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஊரில் இருக்கிறேன். கட்டத்துக்குள் நின்ற எதையும் இங்கே நான் அதிகம் பார்த்ததில்லை.

கட்டம் போட்டவர்கள் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. 1822-இல் இங்கே ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸ் போட்ட நகரத் திட்டத்தில் சீனர்களுக்கு ஆற்றின் தென்மேற்குப் பக்கம், நம்மவர்களுக்கு ஆற்றோரமாக மேலே சூலியா கம்போங், சுல்தானுக்கும் மலாய்க்காரர், அரபியர், புகிஸ் மக்களுக்கும் கம்போங் கிளாம் வட்டாரம் என்று பங்கு பிரித்திருக்கிறது. காகிதத்தில் சரி. பினாங்கிலிருந்து ராஃபிள்ஸோடு 1819-இல் வந்த நாராயண பிள்ளைக்குக் கோயில் கட்ட முதலில் தெலுக் ஆயரில் இடம் கொடுத்தார்கள். அங்கே பூஜைக்கு நல்ல தண்ணீர் கிடைக்கவில்லை. கடைசியில் அமைந்தது சவுத் பிரிட்ஜ் சாலை. 1827-இல் மரமும் கூரையுமாகக் கோயில் எழும்பியது. அதே வரிசையில் சூலியா முஸ்லிம்கள், அதாவது தமிழகக் கடற்கரையிலிருந்து வந்த முஸ்லிம்கள், கட்டிய ஜாமியா பள்ளிவாசல். கோயிலுக்கு ஒரு பக்கம் டெம்பிள் ஸ்ட்ரீட், இன்னொரு பக்கம் பகோடா ஸ்ட்ரீட், பள்ளிவாசலைத் தாண்டினால் மாஸ்க் ஸ்ட்ரீட். சுற்றுலாப் பயணிகள் சீன விசிறி பேரம் பேசி வாங்கும் அந்தப் பகோடா தெருவுக்குப் பெயர் கொடுத்ததே நம் மாரியம்மன் கோபுரம்தான். வெள்ளைக்காரன் கண்ணுக்குக் கோபுரமும் பகோடா. (நான் வந்த புதிதில் அங்கே பக்கோடா கிடைக்கும் என்று நினைத்து நண்பரிடம் கேட்டு மானம் போனது தனிக் கதை.)

இதே கதை தலைகீழாகத் தேக்காவிலும் நடக்கிறது. 'லிட்டில் இந்தியா' என்பது சுற்றுலாவுக்காகப் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட பெயர். எங்களுக்கு அது தேக்கா, இல்லாவிட்டால் சிராங்கூன் ரோடு. நாம் ஏதோ நம் ஊர்ப் பெயர் மாதிரி உரிமையோடு சொல்லும் இந்தத் 'தேக்கா' ஹொக்கியன் சீன மொழிச் சொல்; மூங்கில் புதர் அடி என்கிற மாதிரி பொருள். ராஃபிள்ஸின் திட்டத்தில் இந்தப் பேட்டையே கிடையாது. மாட்டு வியாபாரமும் சுண்ணாம்பு, செங்கல் சூளைகளும் ஆட்களை இழுத்து வந்தன. தெருப்பெயர்களைக் கவனித்தால் தெரியும்: பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு, லெம்பு ரோடு. மலாயில் கெர்பாவ் என்றால் எருமை, லெம்பு என்றால் மாடு. பெலிலியோஸ் ரோடு என்று ஒன்று உண்டு. கல்கத்தாவிலிருந்து வந்த ஒரு யூத மாட்டு வியாபாரியின் பெயர் அது. கெர்பாவ் ரோட்டில் ஜன்னலுக்கு ஜன்னல் வண்ணம் அடித்து நிற்கும் வீட்டின் முன்னால் எல்லோரும் 'இந்திய வீடு' என்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது 1900-இல் டான் டெங் நியா என்ற சீன மிட்டாய் வியாபாரி கட்டியது.

உங்கள் கட்டுரை தொடாமல் விட்ட தெரு ஒன்று உண்டு, தெலுக் ஆயர். ஒரே ஒரு தெருவுக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அங்கேதான் கூட்டிப் போவேன். இப்போது இரண்டு பக்கமும் அலுவலகக் கோபுரங்கள். அப்போது அதுதான் கடற்கரை. தெலுக் என்றால் வளைகுடா, ஆயர் என்றால் தண்ணீர். பின்னாளில் கடலைத் தூர்த்ததால் தெரு உள்ளே தள்ளிப்போனது. கப்பலில் உயிர் பிழைத்து வந்து இறங்கியவர்கள் முதலில் கும்பிட்டது இங்கேதான். நாகூர் ஆண்டவர் பெயரில் 1830 வாக்கில் முடிந்த தர்கா. சில அடி நடந்தால் 1842-இல் கட்டி முடித்த தியன் ஹாக் கெங், கடல் தெய்வம் மாசுவின் கோயில். அதையும் தாண்டினால் அல்-அப்ரார் பள்ளிவாசல். அதற்கு இன்னொரு பெயர் 'குச்சுப்பள்ளி'. சுத்தமான தமிழ், குச்சு வீடு மாதிரி சின்னதாக இருந்ததால் வந்தது. நாகப்பட்டினத்து முஸ்லிமும் ஃபூஜியன் சீனனும் ஒரே கடலுக்குப் பயந்து, கரையேறியதும் ஒரே தெருவில் நன்றி சொல்லியிருக்கிறார்கள். போன மாதம் தர்காவின் வாசலில் நின்றபோது அடுத்த கோயிலின் ஊதுவத்தி வாசனை வந்தது. மதிய உணவு இடைவேளை. கழுத்தில் அலுவலக அட்டை தொங்க, வங்கிப் பிள்ளைகள் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு இரண்டையும் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

வாட்டர்லூ ஸ்ட்ரீட்டில் இன்னொன்று பாருங்கள். குவான் யின் கோயிலுக்கு வரும் சீனப் பாட்டிமார்கள் அப்படியே பக்கத்துக் கிருஷ்ணன் கோயில் வாசலிலும் ஊதுவத்தி கொளுத்திக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். இதற்கு யாரும் பலகை வைக்கவில்லை, விழா எடுக்கவில்லை. அதே தெருவில் 1878-இல் திறந்த யூத ஜெப ஆலயம் இருக்கிறது என்பதை அந்த வழியாகப் பத்து வருடம் நடந்த பிறகுதான் நானே கவனித்தேன்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். பயண வழிகாட்டிகளின் சிங்கப்பூர் வாரத்தின் ஏழு நாளும் ஒன்றுபோல் இருக்கும். உண்மையில் ஞாயிறன்று வேறு ஊர். ஆர்ச்சர்ட் சாலையில் லக்கி பிளாசா பிலிப்பைன்ஸ் ஆகிவிடும். வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஊருக்குப் பணம் அனுப்ப வரிசையில் நிற்பார்கள், அட்டைப் பெட்டி நிறையப் பொருள் கட்டுவார்கள். சிட்டி ஹால் ரயில் நிலையத்துக்கு எதிரே பெனின்சுலா பிளாசா, பர்மா. அங்கே தேயிலை சாலட்டும் மொஹிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸும் சாப்பிட்டிருக்கிறேன். பர்மா பஜார் அத்தோவில் வளர்ந்த சென்னைக்காரருக்கு ஒரு வாய் போட்டதும் உறவு தெரியும். லெம்பு ரோட்டுப் பக்கம் கடைப்பலகை எல்லாம் வங்காள எழுத்து. தாய்லாந்துக்காரர்களுக்கு கோல்டன் மைல் காம்ப்ளக்ஸ் இருந்தது. கட்டடம் கைமாறி 2023-இல் எல்லோரும் காலி செய்தார்கள். எந்தச் சுற்றுலா வரைபடத்திலும் இந்த இடங்களுக்குப் பெரிய எழுத்து கிடையாது.

நானும் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒருவனாகத்தான் இந்த ஊரைத் தெரிந்துகொண்டேன். 2001-இல் பெர்மிட்டில் வந்து கப்பல் பட்டறையில் வேலை. வாரத்துக்கு ஒரு நாள் தேக்கா. புல்தரையில் தினசரியை விரித்து உட்கார்ந்து, ஊருக்குப் பேச ஃபோன் கார்டு சுரண்டுவோம். ஒரு நாள் கொடி பிடித்த வழிகாட்டி ஒருவர் இருபது வெள்ளைக்காரர்களை எங்கள் முன்னால் நிறுத்தி ஏதோ விளக்கினார். ஒருவர் கேமராவைத் தூக்கினார். என் பக்கத்தில் இருந்த பட்டுக்கோட்டைக்காரர் அவசரமாகத் தலையைச் சீவிக்கொண்டார். அன்றைக்குச் சிரித்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருவதில்லை. உங்கள் கட்டுரையில் 'வண்ணமயமான தொழிலாளர் கூட்டம்' என்ற வரியைப் படித்தபோது அந்தக் கேமராதான் ஞாபகம் வந்தது. அவர்கள் அன்றைக்கு ஒரு நாள் லீவில் இருக்கிறார்கள், அவ்வளவுதான். படம் எடுக்க ஆசைப்பட்டால் பக்கத்தில் உட்கார்ந்து எந்த ஊர் என்று கேட்டுவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். அந்த வண்ணப் பேட்டைகளில் இன்றைக்குக் குடியிருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். பெரும்பாலோர் வீவக, அதாவது அரசாங்க வீடமைப்புக் கழகம், கட்டிய அடுக்குமாடிகளில் இருக்கிறோம். 1989 முதல் ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தவர் எத்தனை சதவீதம் இருக்கலாம் என்று அரசாங்கம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. இதில் சங்கடமும் உண்டு. புளோக்கில் சீனர் பங்கு நிறைந்துவிட்டால், வீட்டை விற்கிற இந்தியர் அதைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க ஆள் குறைந்து விலையும் அடிபடும். ஆனாலும் அந்தச் சட்டத்தால்தான் ஈசூனில் என் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு சனிக்கிழமை மலாய்க் கல்யாணம், அடுத்த வாரம் அதே இடத்தில் சீனர் வீட்டுச் சாவு. கல்யாணத்துக்குக் கட்டிய பந்தல் கம்பியின் தடம் தரையில் அப்படியே இருக்க, அதன் மேல் சாவு வீட்டு மேஜையைப் போட்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டு ராத்திரி கண் விழிப்பார்கள். நம் கோயில் விசேஷத்துக்குக் கூழ் ஊற்றினால் எட்டாவது மாடிச் சீன ஆன்ட்டி சொந்தக் கிண்ணத்தோடு வருவார். சுற்றிப் பார்க்க வருகிறவர்களை வாடகைக் காரில் இருந்து இறக்கி இங்கே ஒரு மணி நேரம் உட்கார வைத்தால் போதும்.

உங்கள் கட்டுரையாளர் அடுத்த முறை வந்தால் தீபாவளிக்கு முந்தின வாரம் வரச் சொல்லுங்கள். தீமிதிக்காகப் பக்தர்கள் சிராங்கூன் ரோடு ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் கிளம்பி சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் வரை, ஏறக்குறைய 4 கிலோமீட்டர், கையில் வேப்பிலையோடு ராத்திரி நடந்து போவார்கள். தேக்காவில் தொடங்கி சைனாடவுனில் முடியும். ஒரு வருடம் நானும் கூட நடந்தேன். ஆற்றைத் தாண்டிச் சைனாடவுனுக்குள் நுழைந்தபோது கடையை மூடிக்கொண்டிருந்த சீனக் கிழவர் ஒருவர் ஷட்டரைப் பாதியில் நிறுத்திவிட்டு, எங்கள் வரிசை முழுதும் போகிற வரைக்கும் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த முக்காலி இருந்த இடத்திலிருந்து எடுத்தால் கோபுரம் முழுசாகப் படத்தில் விழும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஈசூன், சிங்கப்பூர்