ஜூன்ல புல்லு வெட்டாதீங்க சார்

மேற்குத் தொடர்ச்சி மலையில ரோடு வேலை பாக்குற ஆபீசர்களுக்கும் எஸ்டேட் மேனேஜர்களுக்கும் வணக்கம்.

போன ஜூன்ல ஒரு மலை ரோட்டோரம் புல்லு வெட்டிட்டு இருந்தாங்க. மிஷின் கிட்ட வர்றதுக்குள்ள ஒரு இலையத் திருப்பிப் பாத்தேன், வெந்த ஜவ்வரிசி மாதிரி புதர்த் தவளை முட்டை ஒட்டிட்டு இருக்கு, உள்ள ரெண்டு கருப்புப் புள்ளி, கண்ணுங்க. உத்துப் பாத்தா காலு கூடத் தெரியுது. இந்த புதர்த் தவளைங்களுக்கு தலைப்பிரட்டையா நீந்துற கதையே கிடையாது, எல்லாம் முட்டைக்குள்ளயே முடிஞ்சு குட்டித் தவளையாத்தான் வெளிய வரும், அதுக்கு குளம் குட்டை எதுவும் வேணாம், இலை ஈரமா இருந்தா போதும். பத்து நிமிஷத்துல அந்த இலை போயிடுச்சு.

வெட்டினவர் மேல தப்பு இல்ல, அன்னிக்கு வெட்டுன்னு சொன்னாங்க வெட்டினாரு. தேதி போட்டவங்ககிட்டதான் கேக்குறேன், மழை பாத்து போடக் கூடாதா? ஒரே தேதி எல்லா ஊருக்கும் ஒத்து வராது, அதையும் சொல்லிடறேன். 2003ல இடுக்கிப் பக்கம் கண்டுபிடிச்ச ஊதா தவளை வருஷம் பூரா மண்ணுக்குள்ள கிடந்து, தென்மேற்கு மழை தொடங்குற சமயத்துல சில நாள் மட்டும் ஜோடி சேர வெளிய வரும். அதோட சொந்தக்காரத் தவளை ஒண்ண 2017ல நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கண்டுபிடிச்சாங்க, அது வடகிழக்கு மழைக்காரன். ரெண்டோட தலைப்பிரட்டையும் பாய்ற ஓடையில பாறையை வாயால கவ்விட்டு வளரும். அந்தப் பாறை மேல சிமெண்ட் பூசி, ரோட்டுக்கு அடியில தண்ணி போற கல்வெர்ட் கட்டினா அது எதைக் கவ்வும்?

எஸ்டேட்காரங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. தவளை தண்ணி குடிக்கிறதே தோல் வழியாதான், மூச்சும் பாதி அது வழியாதான், அதனால ஓடையை ஒட்டி களைக்கொல்லி அடிச்சா நேரா உள்ள போயிடும். ஓடை ஓரத்துல ஒரு நாலு வரிசை செடிக்கு மருந்து அடிக்காம விட்டுடுங்க, கையால களை எடுத்துக்கலாம்.

ஆழியாறுலேர்ந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போர்டு இருக்கு. வேலை ஆர்டர்லயே இந்த இந்த நம்பர்ல ஊத்து இருக்கு, இந்த மாசம் கை வைக்காதேன்னு ஒரு வரி எழுதினா போதுமே. லிஸ்ட் இல்லன்னா சொல்லுங்க, முதல் மழைக்கு நைட்டு டார்ச் எடுத்துட்டுப் போய் நானே எழுதித் தர்றேன்.