பழைய வரைபடங்கள் வாங்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

பெருமதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் சோழமண்டலக் கடற்கரைப் படம் ஒன்றை 18-ஆம் நூற்றாண்டின் அசல் அச்சு என்று சொல்லி விற்றோம். வாங்கியவர் ஒரு வாரத்தில் அதைத் திரும்ப எடுத்துவந்து, பூதக்கண்ணாடியை அதன்மேல் வைத்து எங்களையே பார்க்கச் சொன்னார். கரையோரத்து நீல வண்ணத்தில் பொடிப்பொடியான புள்ளிகள் வரிசை பிசகாமல் தெரிந்தன. அது, வண்ணத்தைப் புள்ளிகளாகப் பதிக்கும் ஆஃப்செட் இயந்திர அச்சில் எடுத்த பிற்கால நகல். எங்களுக்குக் கொடுத்தவரின் பேச்சை நம்பி, கண்ணாடிச் சட்டத்தைப் பிரித்துப் பார்க்காமலேயே விலை குறித்தது எங்கள் தவறு. பணத்தை முழுமையாகத் திருப்பித் தந்து மன்னிப்பும் கேட்டுக்கொண்டோம். இனி எந்தப் படத்தையும் சட்டத்திலிருந்து வெளியே எடுத்து, உங்கள் கண்முன்னே சோதித்த பிறகே விற்பது என்று முடிவு செய்திருக்கிறோம். அந்தச் சோதனை என்ன என்பதை நீங்களும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இம்மடல்.

அக்காலத்து ஐரோப்பிய வரைபடங்களில் பெரும்பாலானவை செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிடப்பட்டவை. மை தடவிய தகட்டின்மேல் ஈரப்படுத்திய தாளை வைத்து அழுத்தும்போது, படத்தின் எல்லைக் கோட்டுக்கு வெளியே தகட்டின் விளிம்பு ஒரு பள்ளமாகப் பதியும். விரலால் தடவினால் அது தட்டுப்படும். கோடுகளின் மை தாளிலிருந்து மெல்லப் புடைத்திருப்பதும் உணரப்படும். அடுத்து, தாளை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்க வேண்டும். கந்தல் துணியைக் கூழாக்கிக் கம்பி அச்சில் வார்த்த அந்தத் தாளில் நெருக்கமான வரிக்கோடுகளும், பல வேளைகளில் தாளுக்குள்ளேயே பதிந்த ஆலையின் அடையாளமான நீர்க்குறியும் தெரியும். வரிக்கோடு இல்லாத வழவழப்பான தாள் இங்கிலாந்தில் 1750களில்தான் தோன்றியது என்பதால், 1720-இல் அச்சானது என்று சொல்லப்படும் படம் அத்தகைய தாளில் இருந்தால் சந்தேகப்பட்டே ஆக வேண்டும்.

படத்தில் பொறித்திருக்கும் ஆண்டை மட்டும் நம்ப வேண்டாம். பாரீசைச் சேர்ந்த வரைபட வல்லுநர் கியோம் டெலில் மலபார், சோழமண்டலக் கரைகளின் படத்தை 1723-இல் வெளியிட்டார். அவர் 1726-இல் மறைந்த பிறகும் அவருடைய தகடுகளை அவர் குடும்பத்தார் வைத்துத் தொழில் நடத்தினார்கள். தகட்டில் செதுக்கிய ஆண்டு ஒன்றாகவும், உங்கள் கையிலிருக்கும் தாள் அச்சான ஆண்டு வேறாகவும் இருக்கலாம். இனி எங்கள் ரசீதில் இரண்டையும் தனித்தனியே குறிப்போம்.

படத்தில் மதுரையின் தீர்க்கரேகை தவறாக இருக்கிறதே, இது போலியா என்று பலர் கேட்கிறீர்கள். இல்லை. கிரீனிச்சிலிருந்து கணக்கிட்டால் மதுரை ஏறத்தாழ 78 பாகை கிழக்கில் இருக்கிறது. பாரீசிலிருந்து கணக்கிட்ட பிரெஞ்சுப் படத்தில் அதே ஊர் 76-க்குச் சற்றுக் குறைவாகவும், கானரித் தீவுகளிலுள்ள பெரோவிலிருந்து கணக்கிட்ட படத்தில் 96-ஐ ஒட்டியும் வரும். கிரீனிச்சைப் பொதுத் தொடக்கமாகக் கொள்ளலாம் என்று வாஷிங்டன் மாநாடு பரிந்துரைத்ததே 1884-இல்தான். ஆக, அந்த வேறுபாடு படத்தின் குறையன்று. எந்த இடத்தைத் தொடக்கமாக வைத்து வரைந்தார்கள் என்பதற்கான சாட்சி.

எங்களுக்கு மிகவும் பிடித்தவை, தெரியாத இடத்தை வெறுமையாக விட்ட படங்கள். பிரெஞ்சு வரைபட வல்லுநர் டான்வில் 1752-இல் வெளியிட்ட இந்தியப் படம் அத்தகையது. நம் நாட்டை ஒருநாளும் பார்த்திராத அவர், நம்பத்தக்க செய்தி கிடைக்காத இடத்தில் மலையையும் யானையையும் வரைந்து நிரப்பவில்லை. பரங்கிமலையருகே ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் 1802-இல் அடிக்கோடு அளந்து, அதிலிருந்து முக்கோணங்களாகத் தொலைவுகளைக் கணக்கிடும் முக்கோண அளவையைத் தொடங்கிய பிறகே தென்னாட்டுப் படங்கள் உறுதிபெற்றன. மற்றொரு நில அளவையாளரான வார்டு 1821-இல் பழனிமலையை அளப்பதற்கு முன் வந்த படங்களில் கொடைக்கானல் பகுதியைத் தேடுவது வீண்.

நம் மதுரையின் படத்துக்கு வயது சொல்ல ஓர் எளிய வழி உண்டு. 1840களை ஒட்டி, கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டை மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, வெளி வீதிகளும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அமைத்தார்கள். ஊரைச் சுற்றி மதிலும் கொத்தளங்களும் அகழியும் முழுமையாகக் காட்டும் படம் அதற்கு முந்தைய நிலையைக் காட்டுவதாகும்.

வண்ணம் அக்காலத்திலேயே கையால் தீட்டியதா, பின்னாளில் சேர்த்ததா என்பதையும் எழுதித் தருவோம். செம்பிலிருந்து எடுத்த பழைய பச்சை தாளை மெல்ல அரித்து, பின்பக்கத்தில் பழுப்பாக ஊறியிருக்கும். முழு அட்லஸைப் பிரித்துத் தாள் தாளாக விற்பதை அடியோடு நிறுத்திவிட்டோம். அது எங்களுக்கு இழப்பாயினும், ஒரு நூலைக் கொன்று சுவரை அலங்கரிக்க மனம் ஒப்பவில்லை.

வெளிநாட்டிலிருக்கும் உறவினருக்கு அனுப்பித் தரக் கேட்பவர்கள் பொறுத்தருள வேண்டும். 100 ஆண்டு கடந்த கலைப்பொருள்களையும், 75 ஆண்டு கடந்த வரலாற்று மதிப்புள்ள ஆவணங்களையும் தனியார் ஏற்றுமதி செய்ய 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இடம் தருவதில்லை.

வாங்கிய படத்துக்கு லேமினேஷன் செய்யாதீர்கள். கிழிசலில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். மழையில் ஓதமேறும் சுவரும் நேர் வெயிலும் ஆகாது. ராமபாணப் பூச்சி வந்திருக்கிறதா என்று ஆண்டுக்கொருமுறை சட்டத்தின் பின்புறத்தைப் பாருங்கள்.

இதற்கு முன் எங்களிடம் வாங்கிய எந்தப் படத்தையும் கடைக்குக் கொண்டுவரலாம். கட்டணமின்றிப் பிரித்துச் சோதித்துத் தருவோம். நாங்கள் சொன்னதற்கு மாறாக இருந்தால், ரசீது இல்லாவிட்டாலும் எங்கள் பேரேட்டைப் பார்த்துப் பணத்தைத் திருப்பித் தருவோம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்கள்,
வடக்கு ஆவணி மூல வீதி, மதுரை.