உன் ஐமேக்கைப் பற்றி

தஞ்சாவூர்,
டிசம்பர் 2025

அன்புள்ள சுந்தா,

இங்கே எல்லோரும் நலம். வளைகாப்புக்கு வராததற்கு அண்ணியிடம் ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று, நீ தனியாகத் தொடங்காதே. விஷயம் வேறு. போனில் சொன்னால் பாதியிலேயே "அதுக்குத்தான் மேக் வாங்கச் சொன்னேன்" என்று பாய்வாய். அதனால்தான் கடிதம்.

கும்பகோணம் மாமா தன் விண்டோஸ் லேப்டாப்பில் ஏதோ பஞ்சாங்கம் தேடியிருக்கிறார். திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு, சைரன் சத்தம். உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள் என்று மிரட்டல். அழைத்துவிட்டார். பேசியவன் வார்த்தைக்கு வார்த்தை "சார்" போட்டானாம். தூரத்திலிருந்தே திரையைப் பார்க்கும் செயலி ஒன்றை இறக்க வைத்து, நெட் பேங்கிங்கைத் திறங்கள் என்று சொல்லும்போது கரண்ட் போய்விட்டது. லேப்டாப்பில் பேட்டரி இருந்தது, வைஃபை பெட்டிக்கு யுபிஎஸ் இல்லை. தொடர்பு அறுந்தது, பணம் தப்பியது. வாழ்நாள் முழுக்க மின்வெட்டைத் திட்டியவர் இப்போது வாயே திறப்பதில்லை. பணம் போனால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற எண்ணை அத்தைக்கு எழுதி பிரிட்ஜில் ஒட்டிவிட்டு வந்தேன்.

ஆப்பிளின் மேக் கணினியாக இருந்தால் இது நடந்திருக்காது என்கிறாயா? நடந்திருக்கும். அது வைரஸே இல்லை, வெறும் வலைப்பக்கம். மேக்கின் சஃபாரி பிரவுசரிலும் அதே சைரன் ஊளையிடும். மாமாவே கூப்பிட்டு, மாமாவே இறக்கி, மாமாவே சரி என்று அழுத்தியது அது. மேக்கில் திரையைப் பிறருக்குக் காட்ட அமைப்புகளுக்குள் போய்த் தனியாக அனுமதி தர வேண்டும், ஒரு தடை கூடுதல்தான். ஆனால் அதையும் அவன் சார் போட்டுப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருப்பான்.

மேக்குக்கு வைரஸ் வராது என்ற உன் பாட்டு 2012-லேயே முடிந்துபோனது. ஃபிளாஷ்பேக் என்று ஒன்று, ஜாவா என்ற மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாகச் சுமார் 6 லட்சம் மேக்குகளில் புகுந்தது. ஜாவாவை வைத்திருந்த ஆரக்கிள் அந்த ஓட்டையைப் பிப்ரவரியிலேயே அடைத்துவிட்டது. ஆப்பிள் தன் மேக்குகளுக்கு அதைக் கொடுத்தது ஏப்ரலில். இடைவெளியில்தான் எல்லாம் நடந்தது.

விண்டோஸுக்கு நான் வக்கீல் இல்லை. நாம் ‘புரொபசர்’ என்று கூப்பிடுவோமே, 2003-ல் அவன் நடத்திய பிரவுசிங் சென்டர் நினைவிருக்கிறதா? 60 நொடியில் கணினி அணையும் என்று பெட்டி வந்து எண்ணத் தொடங்கும், நாம் அவசர அவசரமாக மெயிலை அனுப்புவோம், அவன் காசை மட்டும் முழு மணிக்கு வாங்குவான். நெட் வழியாகத் தானாகவே பரவும் பிளாஸ்டர் புழு அது. அது கிளம்புவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பே மைக்ரோசாஃப்ட் அப்டேட் விட்டிருந்தது. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாக்ரை வந்து இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளையே முடக்கியதே, அதற்கும் மார்ச்சிலேயே அப்டேட் இருந்தது. ஆக, எந்தக் கம்பெனி என்று நாம் கட்சி கட்டிக்கொண்டு கத்தியதெல்லாம் வீண். அப்டேட் வருகிறதா, வந்ததைப் போடுகிறார்களா, எதை வேண்டுமானாலும் நிறுவும் அதிகாரம் வீட்டில் யார் கையில் இருக்கிறது, நான் இவற்றைத்தான் பார்ப்பேன். இன்றைய விண்டோஸ் 11 கூடவே வரும் டிஃபெண்டர் என்ற பாதுகாப்பு மென்பொருளோடு ஒரு வீட்டுக்குத் தாராளமாகப் போதும். தனியாகக் காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வேண்டாம்.

மாமாவின் லேப்டாப்புக்குத்தான் அது இல்லை. அதில் இருப்பது பழைய ஏழாம் தலைமுறை இன்டெல் சிப், விண்டோஸ் 11 சேர்த்துக்கொள்ளாது. விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும், வீட்டுக் கணினிக்கு அதற்கு மேல் வழியில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் 22 போட்டேன். 2029 வரை கவலையில்லை.

எனக்கே ஆச்சரியம், மாமா பெரிதாகத் திணறவில்லை. கீழே இடது மூலையில் மெனு, பயர்பாக்ஸ், கணக்கு எழுத லிப்ரே ஆபீஸ், அவருக்கு அவ்வளவுதான் உலகம். தமிழ்99 விசைப்பலகையும் கிடைத்தது. கோயில் கமிட்டி கடிதங்கள் எல்லாம் பழைய பாமினி எழுத்துருவில் இருந்ததால் திறந்தவுடன் ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தன. எழுத்துருவைக் கொண்டுவந்து போட்டதும் படிக்க முடிந்தது. பிரிண்டர்தான் ஒரு முழு மாலையைத் தின்றது. வியாபாரக் கணக்கு எழுதும் டாலி வேண்டும் என்றிருந்தால் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன், அது விண்டோஸில் மட்டும்தான் ஓடும்.

முக்கியமாகச் செய்தது வேறு. லேப்டாப்பில் மாமாவுக்குச் சாதாரணப் பயனர் கணக்கு. அட்மின் பாஸ்வேர்டு என்னிடம். அப்டேட் தானாக இறங்கும், புதிதாக எதையாவது நிறுவ வேண்டுமானால் எனக்குப் போன் வர வேண்டும். "என் வீட்டுச் சாவி உன்கிட்டயாடா?" என்று ஒரே கோபம். முழுக் காப்பு இல்லை, வீட்டுக் கோப்புறையில் இறக்கியபடியே ஓடும் செயலிகளும் உண்டு. இருந்தாலும் பாதித் தூரம் தாண்டினாற்போல. இதையே விண்டோஸிலும் மேக்கிலும் செய்யலாம், யாரும் செய்வதில்லை.

லினக்ஸ் சாமியாராகிவிட்டேன் என்று கிண்டல் செய்யாதே. லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்இசட் என்ற சின்னக் கருவிக்குள் ஒருவன் ரகசியப் பின்வாசல் வைத்திருந்தது 2024 மார்ச்சில் தெரிந்தது. உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் நோண்டியதால்தான் அது வெளியே வந்தது. அவர் வேலை பார்த்தது எங்கே தெரியுமா? மைக்ரோசாஃப்ட்டில்!

இனிச் சிரிக்காமல் படி. உன்னுடையது 2017 ஐமேக். அது வென்ச்சுரா என்ற மேக் பதிப்புக்கு மேல் ஏறாது. ஆப்பிள் வழக்கமாகக் கடைசி மூன்று பதிப்புகளுக்குத்தான் பாதுகாப்பு அப்டேட் கொடுக்கும். செப்டம்பரில் டஹோ என்ற புதிய பதிப்பு வந்தது. அதோடு டஹோ, செக்கோயா, சொனோமா என்று மூன்று ஆகிவிட்டன, வென்ச்சுரா வெளியே. மைக்ரோசாஃப்ட்டாவது தேதி குறித்து ஊருக்கே தண்டோரா போட்டது. உன் கணினி சத்தமில்லாமல் நின்றுவிட்டது, நீ அதில்தான் ஷேர் வாங்கி விற்கிறாய், அண்ணி பென்ஷன் கணக்கைப் பார்க்கிறாள். மாமாவின் லேப்டாப்பைவிட உன்னுடையது எனக்குப் பயமாக இருக்கிறது, ஏனென்றால் உனக்குப் பயமே இல்லை.

அதில் லினக்ஸ் போடலாம், நன்றாகவே ஓடும். ஆனால் உன்னைத் தெரியும், போட்டோக்கள் எங்கே என்று தினமும் கூப்பிடுவாய். ஆதரவு முடிந்த மேக்கில் புதிய பதிப்பை ஏற்றும் ஓப்பன்கோர் வழியும் உண்டு. ஆப்பிள் கொடுக்காத வழி, பணம் புழங்கும் இடத்தில் நான் அதை நம்ப மாட்டேன். பேசாமல் திரை இல்லாமல் வரும் மேக் மினி ஒன்று வாங்கு. அந்த 5கே திரையை அதற்கு மானிட்டராக மாட்டலாம் என்று மட்டும் கணக்குப் போடாதே, ஐமேக் 5கேயில் அந்த வசதி கிடையாது. திரைக்குத் தனியாக எடுத்து வை. அதுவரை பேங்க் வேலையெல்லாம் போனிலேயே இருக்கட்டும்.

பொங்கல் கழிந்து கோவை வருகிறேன். அதற்குள் எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் பேக்கப் எடுத்து வை. அண்ணியின் பழைய படங்களை முதலில் எடு. தயவுசெய்து புரொபசரிடம் யோசனை கேட்காதே, போன வாரம்கூட எனக்கு ஒரு பழைய விண்டோஸ் 7 டிவிடியை இலவசமாகத் தருகிறேன் என்றான்.

அன்புடன்,
முரளி