அந்தச் செல்கள் மட்டும் ஏன்?

கோத்தகிரி

அன்புள்ள நண்பர் சண்முகத்துக்கு, வணக்கம்.

அண்ணனின் உடல்நிலையைக் கேட்டிருந்தீர்கள். நாற்பது ஆண்டுகள் தேயிலைச் செடிகளைக் கவாத்து செய்த அந்தக் கைகளால் இப்போது காலையில் கம்பளிச் சட்டையின் பொத்தானைப் போட முடிவதில்லை. மாத்திரை வேலை செய்யத் தொடங்கிய பிறகே விரல்கள் அவர் சொன்னபடி கேட்கின்றன.

மூளையில் இத்தனை செல்கள் இருக்க, அண்ணனுக்கு வந்திருக்கும் இந்தப் பார்க்கின்சன் நோய் ஏன் சிலவற்றையே முதலில் அழிக்கிறது என்ற உங்கள் கேள்வி என்னை விடவில்லை. நடுமூளையில் கருநிறமி படிந்த ஒரு பகுதியில், உடல் அசைவுக்கு உதவும் டோப்பமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. எலியில் அத்தகைய ஒரே செல்லின் இழைக்கிளைகளை எல்லாம் சேர்த்து அளந்தபோது ஏறத்தாழ அரை மீட்டர் வந்தது. மனிதரில் ஒரு செல்லுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். அத்தனைக்கும் ஆற்றல் கொடுக்க வேண்டிய அந்தச் செல், வெளித்தூண்டுதலுக்குக் காத்திராமல் நொடிக்குச் சில முறை தானாகவே மின்துடிப்பை எழுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் உள்ளே வரும் கால்சியத்தை வெளியேற்றவும் ஆற்றல் செலவாகிறது. இதனால் செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் ஓய்வின்றி உழைத்துச் செல்லைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை வெளியிடுகின்றன.

டோப்பமைன்தான் காரணம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அருகிலேயே டோப்பமைன் சுரக்கும் மற்றொரு கூட்டம் நெடுநாள் தப்பிக்கிறது. அங்கே கால்சியச் சுமை குறைவு, அதைப் பிடித்துவைக்கும் புரதமும் அதிகம். இந்த ஒப்பீடுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 1982-இல் கலிஃபோர்னியாவில் எம்.பி.டி.பி. என்ற நச்சுப்பொருள் கலந்த போதைப்பொருளை ஊசியாகப் போட்டுக்கொண்ட இளைஞர்கள் சில நாள்களிலேயே உடல் விறைத்துப்போனார்கள். அப்பொருள் உடலில் மாற்றமடைந்து, டோப்பமைனை உள்ளிழுக்கும் வாயில் வழியாகவே இச்செல்களுக்குள் புகுந்து ஆற்றல் உற்பத்தியை முடக்கியிருந்தது.

பாராகுவாட் களைக்கொல்லியைக் கையாண்டவர்களிடம் இந்நோய் கூடுதலாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அண்ணனும் தோட்டத்தில் களைக்கொல்லி தெளித்தவர்தான். அதனால்தான் வந்தது என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை, ஆயினும் மறக்க முடியவில்லை.

கால்சியம் நுழைவதைத் தடுக்கும் இஸ்ராடிபின் மருந்தை நோயின் தொடக்கநிலையில் இருந்தவர்களுக்கு மூன்று ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தும் நோயின் வேகம் குறையவில்லை என்று படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. செல்கள் பெருமளவில் அழிந்த பின்பே நடுக்கம் வெளியே தெரிகிறது; இன்னும் முன்னதாகக் கொடுத்திருந்தால் பலன் இருந்திருக்குமோ என்றே என் மனம் கேட்கிறது.

தை மாதம் வாருங்கள். காலை பத்து மணிக்கு மேல் வந்தால் அண்ணனால் உங்களுடன் நன்றாகப் பேச முடியும்.

அன்புடன்,
பெள்ளி