அப்பாவோட பலாமரமும் உப்புத்தாள் உருளையும்

மாப்ள,

எப்படி இருக்க, தங்கச்சி புள்ளைங்கல்லாம் சௌக்கியமா. போன வாரம் போன்ல நீ கேட்டே, ஏன்டா இந்த வயசுல பலகை தேய்க்கற மிஷினை நீயே செய்யற வேலைன்னு, அப்ப பதில் சொல்ல முடியல, பக்கத்துல வீட்டுக்காரி நின்னுகிட்டு இருந்தா, அதான் உக்காந்து எழுதுறேன்.

கஜா புயல்ல எங்க கொல்லையில அப்பா வச்ச பலாமரம் வேரோட சாஞ்சுது ஞாபகம் இருக்கா. 2018 நவம்பர் 16 விடியக்காலை. மன்னார்குடி பக்கம் அப்ப விழாத மரம் எங்க இருந்துச்சு, தென்னையெல்லாம் வந்த விலைக்கு தள்ளுனோம், பலாவை மட்டும் அம்மா விக்க விடல. மில்லுல குடுத்து ஒண்ணரை இஞ்சு பலகையா அறுத்து, நடுவுல ரீப்பர் கட்டை வச்சு அடுக்கி மாட்டுக் கொட்டாய்ல போட்டதுதான், அப்படியே கிடந்துச்சு. இப்ப ரிட்டயர்டும் ஆயாச்சு, சரி அப்பா உக்காந்த ஊஞ்சல் மாதிரி ஒண்ணு அம்மாவுக்கு செஞ்சு போடலாம்னு எடுத்தேன்.

எடுத்தா பலா ஒத்து வரமாட்டேங்குது மாப்ள. நரம்பு ஒரே பக்கமா ஓடாது, ரெண்டு விரக்கடை இந்தப் பக்கம் சாஞ்சு ஓடுது, அடுத்த ரெண்டு விரக்கடை எதிர்ப்பக்கம். இழைப்புளி போட்டா ஒரு இடம் கண்ணாடி மாதிரி வருது, பக்கத்துலயே நாரு நாரா பிடுங்கிட்டு வருது. கரண்டு இழைப்புளியும் அதே கதைதான். கையில உப்புத்தாள் போட்டு தேச்சா ஒரு பக்கத்துக்கே ரெண்டு நாள், அதுவும் மேடு பள்ளமா. தஞ்சாவூர்ல வீணை செய்யறவங்க இதே பலாவைத்தான் உளியால குடையுறாங்க, அவங்க கைக்கு அது படியுது, நம்ம கை ஸ்கூல்ல சாக்பீஸ் புடிச்ச கையி.

அதுக்குத்தான் டிரம் சேண்டர். பெரிய விஷயம் ஒண்ணுமில்ல, ஒரு உருளை, அது மேல உப்புத்தாள் சுத்தியிருக்கும், மோட்டார் சுத்தும், கீழ ஒரு மேஜை, நடுவுல பலகையை தள்ளணும். கடையில கேட்டேன், விலையக் கேட்டதும் டீ குடிச்சிட்டு வந்துட்டேன்.

நானே செஞ்சுக்கலாம்னு இறங்கிட்டேன். உருளைக்கு 18 மில்லிமீட்டர் மெரைன் பிளைவுட்ல அஞ்சு இஞ்சு வட்டமா 28 வெட்டி, 25 மில்லி ஷாஃப்டுல கோத்து பசை போட்டு இறுக்குனேன், நீளம் கிட்டத்தட்ட 20 இஞ்சு. எம்டிஎஃப்ல (மரத்தூளை அழுத்தி செஞ்ச பலகை) செஞ்சா சுலபம்தான், ஆனா நம்மூரு ஐப்பசி கார்த்திகைக்கு அது ஊறி பன்னு மாதிரி ஆயிரும். ஷாஃப்டை தாங்க ரெண்டு பக்கமும் பிளம்மர் பிளாக் பேரிங். இங்கதான் வந்துச்சு வினை. ஷாஃப்டு கடைஞ்சு குடுத்த லேத்துக்காரர் (பேரு வேணாம், நாளைக்கு திரும்ப அங்கதான் போகணும்) லேசா வளைச்சு குடுத்துட்டாரு, கோத்து ஒட்டுனதுக்கு அப்புறம் சுத்தி பாத்தா உருளை அரை மில்லிக்கு மேல ஆடுது. ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. அப்புறம் யோசிச்சேன், ஆடட்டும், இதே பேரிங்ல இதே மோட்டார்ல சுத்தும்போதே உருளையை சரி பண்ணிட்டா ஆட்டம் எங்க இருக்கப் போகுது. மேஜை மேல தட்டையான பலகையில 40 நம்பர் தாளை (நம்பர் குறைய குறைய சொரசொரப்பு கூடும்) ஒட்டி, உருளையை ஓடவிட்டு மேஜையை கொஞ்சம் கொஞ்சமா தூக்குனேன். முதல்ல ஒரு ஓரம் மட்டும் டக் டக் டக்னு தட்டுச்சு, போகப் போக அந்த சத்தம் நீண்டு ஒரே இரைச்சலா ஆச்சு பாரு, அந்த சத்தத்தை கேட்டுகிட்டே ஒரு மணி நேரம் நின்னேன்டா. அதிர்வு இன்னும் கொஞ்சம் இருக்கு, ஆனா உருளை மேல கையை வச்சு (மோட்டாரை நிப்பாட்டித்தான்) சுத்துனா மேடு பள்ளம் தெரியல.

மேஜை ஏத்தி இறக்க பெரிய சூட்சுமம் எதுவும் பண்ணல. ஒரு பக்கம் கீல், எதிர்ப்பக்கம் எம்12 போல்ட். அந்த போல்ட்டை ஒரு சுத்து சுத்துனா 1.75 மில்லி ஏறும், உருளை நட்ட நடுவுல இருக்கறதால அங்க அதுல பாதிதான், ஆக கால் சுத்துக்கு 0.2 மில்லி சொச்சம். அதுக்கு மேல ஆசைப்பட்டா மோட்டார் திணறுது. முதல்ல பலகை ஒரு ஓரம் ஒரு மில்லி தடியா வந்துச்சு, கூல்டிரிங்ஸ் டின்னை பட்டை பட்டையா வெட்டி பிளம்மர் பிளாக்குக்கு அடியில வச்சு சரி பண்ணேன். உன்னை மாதிரி ஃபிட்டருக்கு இது சிரிப்பாத்தான் இருக்கும்.

மோட்டார் 1 எச்.பி., சிங்கிள் பேஸ், 1440 ஆர்பிஎம், பழைய இரும்புக் கடையில எடுத்தது. நீ அப்பவே சொன்னே மோட்டாருக்கும் உருளைக்கும் சம புல்லி போடுன்னு, நான்தான் கேக்காம வேகம் கூடுனா வழுவழுப்பு கூடும்னு நெனச்சு உருளை ரெண்டு மடங்கு வேகமா சுத்தற மாதிரி ரெண்டுக்கு ஒண்ணு போட்டேன். பலகை மேல கறுப்புக் கோடா விழுந்துச்சு, பலாப்பால் வெந்து தாள்ல ஒட்டி தாரு மாதிரி ஆயிப்போச்சு. இப்ப சம புல்லிதான், நிமிசத்துக்கு 1,900 அடி வாக்குல தாள் ஓடுது, கருகல் நின்னுபோச்சு, நீ சொன்னது சரி, போதுமா.

இன்னொண்ணு சொல்றேன், திட்டாத. மோட்டார் ஒரு தடவ புகைஞ்சு காயில் கட்ட குடுத்தேன். கட்டுனவர் ஸ்டார்ட்டிங் வைண்டிங் முனையை மாத்தி குடுத்துட்டாரு, மோட்டார் தலைகீழா சுத்துது, நானும் பாக்காம பலகையை உள்ள விட்டேன். பலகை போற பக்கத்துக்கு எதிரா உருளை சுத்தணும், அப்பதான் நம்ம தள்ளுறதுக்கு அது தாக்குப்புடிச்சு நிக்கும். அன்னிக்கு அதே பக்கமா சுத்துனுச்சா, கையிலேர்ந்து பிடுங்கிட்டு அம்பு மாதிரி போயி எதிர்ல அடுக்கியிருந்த குறுவை நெல்லு மூட்டையில குத்தி நின்னுச்சு. மூட்டை இல்லாம ஆளு நின்னிருந்தா? அன்னிலேர்ந்து பலகைக்கு நேரா நிக்கறதே இல்ல, ஓரமாத்தான், மோட்டாரை போட்டதும் முதல்ல எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாத்துட்டுத்தான் பலகையில கை வைப்பேன்.

வளைஞ்ச பலகையை இது நேராக்கும்னு நெனச்சதும் தப்பு. திருகுன பலகையை விட்டா வழுவழுன்னு திருகலாவே வெளிய வருது. எங்க தெரு ஆசாரி வந்து பாத்துட்டு, பிளைவுட் தட்டு மேல வச்சு, ஆடுற மூலைக்கு அடியில ஆப்பு வச்சு ஒட்டிட்டு விடுங்க சார், மேல சமமானதும் திருப்பிப் போட்டுக்கலாம்னாரு. அவ்வளவுதான் விஷயம். இதுக்கு நான் மூணு நாள் மண்டைய ஒடைச்சுகிட்டேன்.

தூசியை சொல்லாம விட்டா வீட்டுக்காரி கோச்சுக்குவா. பலாத்தூள் மஞ்சள் தூள் மாதிரியே இருக்கும்டா, பர்மா பக்கம் சாமியாருங்க துணிக்கு சாயம் போடுறதே இந்த மரத்துலதானாம். முத நாளே கொடியில காஞ்ச வேட்டி, மாடியில காஞ்ச வத்தல் எல்லாம் மஞ்சள். சாம்பாருக்கு தனியா வாங்க வேணாம்ல, ஒரு டப்பாவுல அள்ளி வைங்கன்னா. உருளைக்கு பெட்டி மூடி போட்டு, வாக்குவம் குழாய சொருகி, மூக்குல மாஸ்க்கும் போட்டதுக்கு அப்புறம்தான் வீட்டுல சோறு ஒழுங்கா வருது. தாள்ல பிசின் அடைச்சா பழைய கிரேப் ரப்பர் செருப்பு அடிய ஓடுற உருளை மேல காட்டு, உருண்டு உருண்டு வெளிய வந்துரும், தாள் ரெண்டு மடங்கு உழைக்கும்.

ஊஞ்சல் பலகை முடிஞ்சுது. ஒம்பது இஞ்சு பலகை ரெண்டை ஒட்டி அஞ்சடி நீளம், ரெண்டு பக்கமும் பெஞ்சு போட்டு தாங்கிப் புடிச்சு விட்டோம், இல்லன்னா முனை தொங்கி குழி விழுந்துருது. 60, 80, 120ன்னு போயி கடைசியா ஆசை விடாம 220லயும் ஒரு ஓட்டு விட்டு எண்ணெய் பூசுனேன், தங்கமா மின்னுது. முன்கட்டுல மாட்டி அம்மாவை உக்கார வச்சேன், நூல் சேலையோட லேசா ஆடுனுச்சு, ரெண்டாவது ஆட்டத்துல முன்னால வழுக்கிகிட்டு வந்து சங்கிலியப் புடிச்சுகிச்சு.

"ஏன்டா இவ்வளவு தேச்ச, சறுக்குதுடா, ஒரு ஜமக்காளம் எடுத்தாந்து போடு."

இப்ப மேல ஜமக்காளம் கிடக்கு, பலகையே தெரியல. மூலையில ஒரு சாண் அளவுக்கு நான் மட்டும் அப்பப்ப தூக்கிப் பாத்துக்குறேன். பொங்கலுக்கு வா, உனக்கும் காட்டுறேன், வரும்போது 80 நம்பர் எமரி ரோல் (துணியில வர்ற உப்புத்தாள்) நாலு இஞ்சு அகலத்துல அங்க கிடைச்சா ஒரு ரோல் புடிச்சுகிட்டு வா, இங்க கிடைக்கறது துணி லேசா இருக்கு.

உன்
மாப்ள